குரோம் தோலிலிருந்து அனுசாட் வரை: குரோம்பேட்டையில் ஆய்வு நிதியின் வரலாறு

சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டை தன் பெயரை ஒரு தோல் தொழிற்சாலையிடமிருந்து பெற்றது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே இந்த ஊர். குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் தொழில்நுட்பம் சென்னை மாகாணத்தில் வேரூன்றியதற்கு, தனியார் முதலீட்டுக்கு முன்னரே அரசு தன் பணத்தில் நடத்திய ஆய்வு காரணமாக இருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே ஊரில், மீண்டும் பொதுப் பணத்தின் துணையோடு, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் வடிவம் பெற்றது. தோலுக்கும் செயற்கைக்கோளுக்கும் பொருளளவில் உறவு ஏதும் இல்லை. ஆயினும், விலை உயர்ந்த ஒரு தொழில்நுட்பத்தின் விலையைக் குறைப்பதற்கான ஆய்வுக்கு யார் பணம் தருவது, அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்னும் கேள்விகளை இவ்விரண்டும் ஒரே ஊரில் எழுப்பியிருக்கின்றன. இராணுவச் செயற்கைக்கோள் தகவல்தொடர்புக்கு இந்தியா ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடும் இக்காலத்தில் அக்கேள்விகளை மீண்டும் பரிசீலிப்பது அவசியமாகிறது.

சென்னை கலைத்தொழில் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், முதலில் அலுமினியப் பாத்திரத் தொழிலை அரசு ஆதரவில் தொடங்கி, அது தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்ததும் 1903-இல் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார். அதன்பின் அவருடைய கவனம் குரோம் பதனிடலுக்குத் திரும்பியது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுவதே இந்நாட்டில் வழிவழியாக வந்த முறை; அப்படிப் பதனிட்ட தோல் இடைவிடாமல் நீரில் நனைந்தால் விரைவில் நைந்துபோகும். குரோம் தோலோ நீரைத் தாங்கி நிற்கும். ஆகவே, கிணற்றிலிருந்து மாடுகளைப் பூட்டி நீர் இறைக்கும் கவலைக்கு வேண்டிய தோற்பைகளைக் குரோம் தோலில் செய்து பார்ப்பது அந்த ஆய்வின் முக்கியமான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. உழவனின் கையிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் ஒரு செலவைக் குறைப்பதற்காக அரசு ஆய்வகத்தில் பணம் செலவிடப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த முயற்சி தொழில்நுட்பத்தால் தோற்கவில்லை, கொள்கையால் நிறுத்தப்பட்டது. அரசே தொழிற்சாலை நடத்துவது தனியார் வணிகத்தில் தலையிடுவதாகும் என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்த மார்லி பிரபு 1910-இல் அனுப்பிய ஆணை, தொழிற்கல்வி தருவதோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்று வரையறுத்தது. அரசின் குரோம் தோல் கூடம் விற்கப்பட்டது. சாட்டர்டன் மைசூர் அரசின் பணிக்குப் போனார். முதல் உலகப்போர் மூண்டு, தேவையான பொருள்களை இந்தியாவிலேயே செய்ய இயலாத நிலையை ஆட்சியாளர்கள் நேரில் கண்ட பின்னரே 1916-இல் இந்தியத் தொழில் ஆணையம் அமைக்கப்பட்டது. சாட்டர்டன் அதன் உறுப்பினர்களுள் ஒருவரானார். தொழில் வளர்ச்சியில் அரசு ஒதுங்கி நிற்கும் கொள்கையை அந்த ஆணையம் ஏற்கவில்லை. தோல் ஆய்வுக்கு நிலையான நிதியும் நிலையான இடமும் கிடைத்தது, 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோதுதான். 1910-க்கும் 1948-க்கும் இடைப்பட்ட காலம் இந்தியத் தோல் அறிவியலுக்கு ஏற்பட்ட இழப்பு என்றே கொள்ளத்தகும்.

அடையாற்றில் அந்த நிறுவனம் தோன்றிய மறு ஆண்டில், 1949-இல், சின்னசாமி ராஜம் என்னும் தொழிலதிபர் சாந்தோமில் இருந்த தம் மாளிகையை விற்ற பணத்தை மூலதனமாக இட்டுக் குரோம்பேட்டையில் மதராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, அதாவது எம்.ஐ.டி.யை, நிறுவினார். வானூர்திப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவித் தொழில்நுட்பம் என, அந்நாளில் பிற கல்லூரிகள் பெரிதும் தொடாத துறைகளையே அது தன் பாடங்களாகத் தேர்ந்துகொண்டது. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இங்கே வானூர்திப் பொறியியல் பயின்றார்; சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் இங்கே மின்னணுவியல் பயின்று, பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். வளாகத்துக்குத் தெற்கே தாம்பரத்தில் இந்திய விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானப் பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1954 முதல் அங்கே இயங்கிவருகிறது. வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். வானூர்தியும் வானொலியும் இவ்வூரின் அன்றாடத்தில் கலந்திருந்த சூழலில்தான், 1978-இல் எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாயிற்று.

இராணுவச் செயற்கைக்கோள் தகவல்தொடர்பு ஏன் இவ்வளவு விலை பெறுகிறது என்பதை இவ்விடத்தில் விளக்குவது தேவை. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றுவதால் தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள் புவிநிலைச் செயற்கைக்கோள் எனப்படும். அது ஒன்றே பெருங்கடல் ஒன்றின் பெரும்பகுதியை எந்நேரமும் பார்வையில் வைத்திருக்கும் என்பதால் கடற்படையும் விமானப்படையும் அதை விரும்புகின்றன. ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து அனுப்பப்படும் வானலை தரையை அடையும்போது மிகவும் நலிந்துவிடுவதால், செயற்கைக்கோளில் பெரிய ஆண்டெனாவும் வலுவான ஒலிபரப்பிகளும் வேண்டும்; கதிர்வீச்சைத் தாங்கும் மின்னணு உறுப்புகள் வேண்டும்; எதிரி தன் அலைகளை வீசிச் செய்தியைக் குலைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும்; பல டன் எடையை அவ்வுயரத்துக்கு ஏற்றும் ராக்கெட்டும் வேண்டும். தரையிலும் கடலிலும் இருக்கும் முனையங்களின் செலவு, அதாவது கப்பலிலும் வாகனத்திலும் விமானத்திலும் பொருத்தும் அனுப்பு-பெறு கருவிகளின் செலவு, இவற்றோடு தனியே சேரும். அலையில் ஆடும் கப்பலில் ஆண்டெனாவை விலகாமல் வானின் ஒரே புள்ளியை நோக்கி நிறுத்துவதே தனிப் பொறியியல்.

அமெரிக்கா தன் முதல் இராணுவத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் தொகுதியை 1966 ஜூனில் ஏவியபோது அவை ஒவ்வொன்றும் 45 கிலோ எடையே இருந்தன. மூன்றே ஆண்டுகளில், 1969-இல் ஏவப்பட்ட டாக்சாட் 700 கிலோவைத் தாண்டியது. திறன் ஏற ஏற எடை ஏறியது, எடையோடு விலையும் ஏறியது. இந்தப் போக்கைத் திருப்பிப் பார்க்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி அமைப்பான டார்ப்பா 1980களில் சிறு செயற்கைக்கோள்களுக்குப் பணம் ஒதுக்கியது. அதன் முதற்பயன்களுள் ஒன்றான குளோமர் 1985-இல் விண்வெளி ஓடத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் அது செய்யப்பட்டது. 1990 மே மாதத்தில் மாக்சாட் என்னும் இரு சிறு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. அடுத்து வந்த வளைகுடாப் போரின்போது அமெரிக்க மரைன் படைப்பிரிவு ஒன்று உதிரிப்பாகங்கள் போன்ற வழங்கல் செய்திகளை அவற்றின் ஒன்றன் வழியே அனுப்பியது. டார்ப்பா அத்தோடு நிற்காமல், 1991-இல் இருபது கிலோ எடையளவில் ஏழு நுண் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏற்றியது. ஒரு மாதிரியைச் செய்து காட்டியதும் பணத்தை நிறுத்திவிடாமல், அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் ஒதுக்கியதே இங்கே கவனிக்கத்தக்கது.

குளோமரும் மாக்சாட்டும் கையாண்ட முறைக்குச் சேமித்து அனுப்பும் முறை என்று பெயர். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஓரிடத்தின் மேலே வரும்போது அங்குள்ள நிலையம் தன் செய்தியை அதற்கு ஏற்றிவிடும். செயற்கைக்கோள் அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு சுற்றிச் சென்று, செய்தி சேர வேண்டிய இடத்தின் மேலே வரும்போது இறக்கிவிடும். ஊர் ஊராகப் பை சுமந்து சென்ற அஞ்சல்காரரின் வேலையையே அது வானில் செய்கிறது. உடனுக்குடன் பேச இம்முறை உதவாது. ஆனால் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளின் தொலைவு, தலைக்கு மேலே கடக்கும்போது, புவிநிலைச் செயற்கைக்கோளின் தொலைவில் அறுபத்தைந்தில் ஒரு பங்கே. தொலைவின் இருமடிக்கேற்ப அலையின் வலு குறையும் என்பதால், ஒரே அளவு ஆண்டெனாக்களைக் கொண்டு பார்த்தால் தாழ்ந்த பாதைக்கு வேண்டிய ஆற்றல் நாலாயிரத்தில் ஒரு பங்கு போதும். சிறிய கருவி, சிறிய ஆண்டெனா, சிறிய ராக்கெட் என்று செலவு எல்லாப் பக்கமும் சுருங்குகிறது. பிரிட்டனில் சர்ரே பல்கலைக்கழகம் 1984-இல் ஏவச்செய்த யூஓசாட்-2 இதே முறையைப் பரிசோதித்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 1985-இல் கிளைத்த நிறுவனம் பின்னர் உலகுக்கே சிறு செயற்கைக்கோள் விற்கும் நிறுவனமாக வளர்ந்தது.

குரோம்பேட்டையில் உருவான அனுசாட் இந்த மரபைச் சேர்ந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் நிதியுதவியோடும் வழிகாட்டலோடும் எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கிய இந்த 40 கிலோ செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏவப்பட்டது. சேமித்து அனுப்பும் முறையைச் சோதிப்பதே அதன் நோக்கம். அதைக் கட்டுப்படுத்தும் தரைநிலையமும் குரோம்பேட்டையிலேயே அமைந்தது. தரைநிலையத்தின் பார்வைக்குள் செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போல இருந்து மறையும், அதற்குள் கட்டளை ஏற்றவும் தரவை இறக்கவும் வேண்டும். தாழ்ந்த பாதையில் மெல்லிய காற்றின் உராய்வால் உயரம் சிறிது சிறிதாகக் குறைந்து, 2012 ஏப்ரலில் அனுசாட் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

அனுசாட் இராணுவச் செயற்கைக்கோள் அன்று. கல்விக்காகவும் அமெச்சூர் வானொலி முறையிலான செய்திப் பரிமாற்றத்துக்காகவும் செய்யப்பட்டது. ஆயினும் அதே ராக்கெட்டில் முதன்மைப் பயணியாகச் சென்றது ரிசாட்-2 என்னும், இஸ்ரேலில் செய்யப்பட்ட 300 கிலோ ரேடார் செயற்கைக்கோள். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பின், நாட்டின் கண்காணிப்புத் தேவைக்காக விரைந்து பெறப்பட்டது அது. பாதுகாப்புக்கு வேண்டிய கருவி வெளிநாட்டிலிருந்து வர, அதன் துணைப்பயணியாக நம் மாணவர்களின் செயற்கைக்கோள் சென்றது என்னும் செய்தியில், ஆய்வு நிதி எங்கே போகவில்லை என்பதற்கான விடை அடங்கியிருக்கிறது.

அனுசாட்டைத் தொடர்ந்து தென்புறநகர்க் கல்லூரிகள் மேலும் இரண்டு செயற்கைக்கோள்களைத் தந்தன. காட்டாங்குளத்தூரின் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரிலும், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள சத்யபாமா பல்கலைக்கழகத்தின் 1.5 கிலோ சத்யபாமாசாட் 2016 ஜூனிலும் பி.எஸ்.எல்.வி.யில் சென்றன. இரண்டும் பசுமைக்குடில் வாயுக்களை அளக்கும் நோக்கம் கொண்டவை. சேமித்து அனுப்பும் முறையைத் தொடர்ந்து வளர்க்கும் பொறுப்பு அவற்றிடம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் முதல் செயற்கைக்கோளைச் செய்தது; கற்ற பாடத்தை இரண்டாவதில் பயன்படுத்தி மூன்றாவதில் விலையைக் குறைக்கும் தொடர்ச்சி உருவாகவில்லை. செயற்கைக்கோளின் விலை குறைவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். சோதனைக் கூடம், வடிவமைப்பு, மென்பொருள் ஆகியவற்றுக்கான செலவு முழுவதும் முதல் கலத்தின்மேல் விழுகிறது. அடுத்தடுத்த கலங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டால்தான் ஒன்றின் விலை இறங்கும்.

இதற்கிடையே இந்தியப் படைகள் பெரிய செயற்கைக்கோள்களின் வழியில் சென்றன. கடற்படைக்கென முதன்முதலாகச் செய்யப்பட்ட ருக்மிணி எனப்படும் ஜிசாட்-7, 2013 ஆகஸ்ட் 30 அன்று தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. செயற்கைக்கோளுக்கு ஆன செலவு 185 கோடி ரூபாய் என்றும், ஏவுவதற்கும் காப்பீட்டுக்கும் 470 கோடி ரூபாய் என்றும் அப்போது தெரிவிக்கப்பட்டது. செய்த விலையைப் போல் இரண்டரை மடங்கு ஏற்றுகூலியாயிற்று. விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ 2018 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே சென்றது. கடற்படைக்கான அடுத்த செயற்கைக்கோளும், 4,400 கிலோவுக்கு மேற்பட்ட எடையோடு, 2025 நவம்பர் 2 அன்று எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் இங்கிருந்தே ஏறியது. இவ்விரண்டுக்கும் வெளிநாட்டு ஏற்றுகூலி தேவைப்படாததற்கு, கிரயோஜெனிக் எஞ்சினுக்காகப் பல்லாண்டு தோல்விகளைத் தாங்கி இடைவிடாமல் அரசு தந்த ஆய்வு நிதியே காரணம். தொடர்ச்சியான நிதி எதைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த இந்தியச் சான்று தேவையில்லை.

கடலுக்கு மேலே தகவல்தொடர்பு எவ்வளவு அவசியம் என்பதைத் தாம்பரம் துயரத்தோடு அறியும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் வங்கக்கடலின் மேல் காணாமற்போனது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டறிந்தது 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. செயற்கைக்கோள் தொடர்பு இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று கூறுவதற்கு இடமில்லை. ஆனால், கரையின் ரேடார் எட்டாத கடல்மேல் பறக்கும் எல்லா விமானமும், விலையைப் பற்றிக் கவலைப்படாமல், தன் இருப்பிடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானுக்குச் சொல்லிச் செல்லும் நிலை வேண்டும் என்பதை இந்த ஏழரை ஆண்டுத் தேடல் காட்டுகிறது. விலை மலிவான சிறு முனையம் என்பது கணக்குப் புத்தகச் சிக்கனத்தைத் தாண்டிய பொருள்.

பாதுகாப்புத் துறையின் புத்தாக்க நிதித் திட்டமான ஐடெக்ஸ் இந்தத் தென்புறநகரை ஒட்டிய கடற்கரையில்தான் அறிவிக்கப்பட்டது: 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். படைகள் தம் தேவையைச் சவாலாக வெளியிடும். தேர்வு பெறும் இளம் நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் பாதிவரை, ஒன்றரைக் கோடி ரூபாய் எல்லைக்குள், மானியம் கிடைக்கும். உயர்நிலைத் திட்டங்களுக்குப் பத்துக் கோடி வரையிலும், 2024-இல் வந்த அதிதி திட்டத்தில் இருபத்தைந்து கோடி வரையிலும் உண்டு. 2022 அக்டோபரில் விண்வெளிக்கென்றே 75 சவால்கள் வெளியிடப்பட்டன. கருவிகளைச் சோதிக்கும் செலவு சிறு நிறுவனங்களை முடக்கிவிடுகிறது என்பதை உணர்ந்து, மின்னணுப் போர்க் கருவிகளுக்கான சோதனைக் கூடம் ஒன்றைத் தமிழ்நாட்டில் அமைக்க பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையிலான குழுவுடன் 2024 ஜூலையில் உடன்படிக்கை செய்யப்பட்டது. தரமணியில் நுண்ணலை ஆய்வு நிறுவனமான சமீரின் மையம் முன்பிருந்தே மின்காந்தச் சோதனை வசதிகளோடு இயங்குகிறது. குலசேகரப்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

கூடம் இருக்கிறது, தளம் வருகிறது, மானியம் இருக்கிறது. இல்லாதது, ஒரே பொருளை ஒரே குழு மீண்டும் மீண்டும் செய்வதற்கான நிதியும், செய்தால் வாங்கிக்கொள்வோம் என்னும் படைகளின் முன்னுறுதியும். 1910-இல் ஆணை ஒன்று நிதியை வெட்டியது. இன்று ஆணை எதுவும் தேவைப்படுவதில்லை, திட்டக் காலம் முடிந்ததும் நிதி தானே நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவர்கள் மாறும்போது கற்றதும் அவர்களோடு வெளியேறுகிறது. அதைப் பிடித்துவைக்க நிலையான பொறியாளர் குழுவும் நிலையான ஊதியமும் வேண்டும்.

தரைப்படைக்கான ஜிசாட்-7பி செயற்கைக்கோளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2023 மார்ச்சில் 2,963 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. அதன் பல உறுப்புகள் உள்நாட்டுச் சிறு, குறு நிறுவனங்களிலிருந்தும் இளம் நிறுவனங்களிலிருந்தும் பெறப்படும் என்று அமைச்சகம் அப்போது அறிவித்தது. அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 30 கோடி ரூபாய். ஐடெக்ஸின் ஒன்றரைக் கோடி மானியம் இருபது குழுக்களுக்கு வழங்க அது போதும். பெரிய செயற்கைக்கோள் ஒவ்வொன்றின் ஒப்பந்தத்திலும் அந்த ஒரு பங்கைச் சிறு முனையங்களுக்கும் தாழ்பாதைச் செயற்கைக்கோள்களுக்குமான தொடர் ஆய்வுக்கு ஒதுக்கி, குரோம்பேட்டை போன்ற வளாகங்களுக்குப் பத்தாண்டு உறுதியோடு தருவதை அமைச்சகம் விதியாக்க வேண்டும்.